நெல்லுக்குப் பள்ளம், பூவுக்கு மேடு: காவிரிப் பாசன வீடுகளில் அழகுச் செடிகளை இனங்காணலும் பராமரித்தலும்

தஞ்சாவூர்ப் பக்கத்து வீட்டு வாசல்களில் ஆண்டுதோறும் இது நடக்கிறது. ஆடி மாதம் நர்சரியிலிருந்து இட்லிப்பூ, செம்பருத்தி, குரோட்டன்ஸ் என்று நாலைந்து பாக்கெட் செடிகள் வரும். முழ ஆழத்துக்குக் குழி வெட்டி, பையைக் கிழித்து, செம்மண் உருண்டையோடு செடியை இறக்கி, மேலே மண்ணைத் தள்ளி மிதித்துவிடுவார்கள். ஆவணியில் தளிர் வரும். புரட்டாசியில் ஒன்றிரண்டு பூவும் பார்க்கலாம். ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொள்ளும். கார்த்திகையில் இலைகள் தொங்கும். செடி வாடுகிறதே என்று வீட்டில் யாராவது இன்னும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவார்கள். தையில் பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, தோல் கழன்று, சாக்கடை நாற்றம் அடிக்கும்.

நானும் இப்படி ஒரே மழைக்காலத்தில் ஆறு இட்லிப்பூச் செடிகளைப் பறிகொடுத்தேன். உரம் போதவில்லை என்று நினைத்தேன். காரணம் மண்ணில் இருந்தது. களிமண்ணில் வெட்டிய குழி சுவர் வைத்த தொட்டி மாதிரி. சுற்றியுள்ள மண் தண்ணீரைக் குடிக்காது. உள்ளே இருக்கும் செம்மண் உருண்டை பஞ்சுபோல ஊறி நிற்கும். வேர் மூச்சு விட முடியாமல் அழுகும்.

இந்த நாட்டு மண் தண்ணீரைப் பிடித்து வைப்பதில் பேர் பெற்றது. அதனால்தான் இங்கே நெல் விளைகிறது. அழகுச் செடிகளில் பெரும்பாலானவை நெல் போலத் தண்ணீரில் நிற்கப் பிறந்தவை அல்ல. நெல்லுக்குப் பள்ளம், பூவுக்கு மேடு. டெல்டாவில் தோட்டம் போடுகிறவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது இதுதான். இந்த அத்தியாயத்தில் வரும் மற்ற எல்லாக் குறிப்புகளும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

உங்கள் வீடு எந்த மண்ணில் இருக்கிறது?

டெல்டா முழுவதும் ஒரே மண் என்று எண்ண வேண்டாம். தோட்டக் கணக்குக்கு நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது படுகை மண். காவிரி, குடமுருட்டி, வெண்ணாறு, வெட்டாறு ஆகியவற்றின் கரையோரம் உள்ள மணல் கலந்த வண்டல். திருவையாறு, கும்பகோணம் பக்கத்துக் கரையூர்களில் வாழையும் வெற்றிலையும் செழிப்பது இந்த மண்ணில். தண்ணீர் வடியும், ஈரமும் நிற்கும். இங்கே எந்தப் பூச்செடியும் வரும்.

இரண்டாவது வயல் களி. ஆற்றை விட்டு உள்ளே போகப் போக இதுதான். திருவாரூர், மன்னார்குடி, நாகப்பட்டினம் வட்டாரத்துப் புதிய மனைகள் பல, வயலைத் தூர்த்து எழுந்தவை. மழையில் பசைபோல ஒட்டும், பங்குனியில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும்.

மூன்றாவது சரளை கலந்த செம்மண். தஞ்சைக்குத் தென்மேற்கே வல்லம் மேட்டில் தொடங்கி, 1934இல் திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாய் பாயும் ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்தில் பரவலாக இருக்கிறது. இங்கே வேர் அழுகுவது குறைவு. கோடையில் செடி காய்வதுதான் தொல்லை.

நான்காவது கடலோர மண். நாகை முதல் வேதாரண்யம் வரை மணலும் உப்புக் காற்றும் சேர்ந்தது. உப்பைத் தாங்கும் செடியை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை போதும். செடி வைக்க நினைத்த இடத்தில் ஒன்றரை அடி ஆழக் குழி வெட்டுங்கள். மாலையில் தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள், பிறகு மறுபடி நிரப்புங்கள். காலையில் தண்ணீர் நின்றால் அது களி. அந்த இடத்தில் தரைமட்டத்தில் எதையும் நடாதீர்கள்.

பெயர் தெரிய நான்கு கேள்விகள்

செடியின் பெயர் தெரியாமல் அதற்கு வைத்தியம் பார்க்க முடியாது. நர்சரியில் சொல்லும் பெயர் ஊருக்கு ஊர் மாறும். பூ இல்லாத காலத்தில் இன்னும் குழப்பம். ஒரு சிறு கிளையைக் கையில் பிடித்து இந்த நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று, இலை எப்படி அமைந்திருக்கிறது? ஒரே கணுவில் எதிரெதிராக இரண்டா, மாறி மாறி ஒவ்வொன்றா, ஒரே இடத்தில் மூன்று நான்காகச் சுற்றியா?

இரண்டு, இலையைக் கிள்ளினால் பால் வருகிறதா?

மூன்று, பூவில் இதழ் எத்தனை? நான்கா, ஐந்தா, அடுக்கா?

நான்கு, பூ எப்பொழுது மலர்கிறது? காலையிலா, அந்தியிலா, நள்ளிரவிலா?

இந்த நான்குக்கும் விடை கிடைத்தால் நம் ஊர் வாசல்களில் நிற்கும் செடிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் சொல்லிவிடலாம்.

வாசலில் காணும் செடிகள்

*இட்லிப்பூ.* சங்க இலக்கியத்தின் வெட்சி இதுதான். எதிரிலை, பால் இல்லை, நீண்ட குழலின் நுனியில் நான்கு இதழ். இரண்டு இலைக்காம்புகளுக்கும் நடுவே தண்டில் சிறு முக்கோணச் செதில் ஒன்று தெரியும். பூ இல்லாதபோது அதுவே அடையாளம். நாட்டு வகைக்கு இலை பெரிது, ஆள் உயரம் வளரும். வேலியோரம் வைக்கும் குட்டை வகைக்கு இலை சிறிது, கொத்தும் சிறிது. இதற்குச் சற்றே புளிப்பான மண் பிடிக்கும். சுண்ணாம்பு அடித்த மதில், சிமென்ட் கலவை கொட்டிய இடம், உவர்ப்பான போர்த் தண்ணீர் மூன்றும் ஆகாது. மதிலிலிருந்து இரண்டு அடி தள்ளி நடுங்கள்.

*செம்பருத்தி.* மாற்றிலை, ஓரத்தில் பல், ஐந்து இதழ், நடுவில் நீண்ட மகரந்தத் தண்டு. பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். ஐந்து இதழ்ச் சிவப்பு நாட்டு வகை மழையையும் வெயிலையும் தாங்கும். பெரிய பூ, பல நிறம் கொண்ட கலப்பின வகைகள் ஈரக் களியில் சீக்கிரம் போய்விடும், அவற்றைத் தொட்டியில் வையுங்கள். பூ விரியாமல் மிளகாய்போலச் சுருண்டே தொங்குகிறதா? அது செம்பருத்தியின் உறவான வேறொரு செடி. நோயென்று எண்ணி மருந்து அடிக்க வேண்டாம்.

*நந்தியாவட்டை.* எதிரிலை, கிள்ளினால் வெள்ளைப் பால், காற்றாடிபோல ஒரு பக்கம் முறுக்கிய ஐந்து வெள்ளை இதழ். அடுக்கு வகையும் உண்டு. அரை நிழலிலும் பூக்கும். கிழக்குப் பார்த்த வாசலுக்கும், கட்டடங்களுக்கு நடுவிலுள்ள சந்துக்கும் ஏற்றது.

*அரளி, தங்க அரளி.* பெயர் ஒன்றானாலும் செடி வேறு. செவ்வரளி, வெள்ளரளிக்கு ஒரே கணுவில் மூன்று மூன்றாக நீண்ட இலை. மஞ்சள் மணிபோலப் பூக்கும் தங்க அரளிக்கு இலை மாறி மாறி வரும், கிள்ளினால் பால் கொட்டும், பச்சைக் காய் முக்கோணமாக இருக்கும். இரண்டும் வறட்சியையும் உப்புக் காற்றையும் தாங்கும். இரண்டிலும் இலை, பூ, காய், வேர் எல்லாமே நஞ்சு. இதயத்தைத் தாக்கும் நஞ்சு. தவழும் குழந்தையும் கட்டுத்தறியில் மாடும் உள்ள வீட்டில் இவற்றை வைக்காதீர்கள். வெட்டிய கிளையை மாட்டுக்குப் போடும் தழையோடு கலக்கக் கூடாது. எரித்துப் புகையை முகரவும் கூடாது.

*மல்லிகைக் குடும்பம்.* எல்லாவற்றையும் மல்லி என்றுதான் சொல்கிறோம். இலையைப் பார்த்தால் குழப்பம் தீரும். குண்டுமல்லிக்கு ஒற்றை இலை, அகலமானது. முல்லைக்கு நடுவில் ஒரு பெரிய சிற்றிலை, அடியில் காதுபோல இரண்டு குட்டிச் சிற்றிலைகள். பிச்சி என்கிற ஜாதிமல்லிக்கு ஒரே காம்பில் ஐந்து முதல் ஒன்பது வரை சிற்றிலைகள், மொட்டின் வெளிப்புறம் இளஞ்சிவப்பு. காக்கடாவுக்கு இலையும் தண்டும் மென்மையான ரோமம் கொண்டவை, பூவுக்கு மணம் இல்லை. முல்லையை நேரில் பார்த்துப் பழக வேண்டுமானால் திருக்கருகாவூர் போகலாம். அங்கே இறைவன் பெயரே முல்லைவனநாதர், தலமரமும் முல்லைதான்.

குண்டுமல்லியை ஆண்டுக்கு ஒரு முறை கவாத்து செய்யாவிட்டால் கொடியாக ஓடுமே தவிரப் பூக்காது. நவம்பர் கடைசி வாரத்தில், மழை விட்ட ஒரு நாள் பார்த்து, தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டிவிடுங்கள். காய்ந்த குச்சிகளை அடியோடு எடுங்கள். இலைகளை உதிர்த்துவிட்டு, செடிக்கு ஒரு கூடை தொழு உரம் வையுங்கள். மாசி, பங்குனியில் பலன் தெரியும்.

*பவழமல்லி.* எதிரிலை. தடவினால் உப்புக் காகிதம்போலச் சொரசொரக்கும். இளந்தண்டு நான்கு பட்டையாக இருக்கும். அந்தியில் மலர்ந்து விடியலில் உதிரும். வாசலின் ஓரத்தில் நட்டால் பொழுது விடியும்போது தரையே பூவாக இருக்கும். கோடையில் இலை உதிர்த்து நிற்கும். செத்துவிட்டது என்று வெட்டிவிடாதீர்கள்.

*காகிதப்பூ.* முள், மாற்றிலை. நிறமாகத் தெரியும் மூன்றும் பூவிதழ் அல்ல, பூவைத் தாங்கும் இலைகள். அவற்றின் நடுவே இருக்கும் சிறு வெள்ளைக் குழல்தான் பூ. இது தென் அமெரிக்கச் செடி. ஈரம் இருக்கும்வரை இலையும் முள்ளுமாகக் கொழுக்கும், மண் காயும்போது பூக்கும். தை முதல் தண்ணீரைக் குறையுங்கள். இலை லேசாகத் துவளும்போது ஊற்றினால் போதும். ஒரு சுற்றுப் பூ முடிந்ததும் நுனிகளை வெட்டுங்கள்.

*குரோட்டன்ஸ்.* தடித்த மாற்றிலை. மஞ்சள், சிவப்பு, கருஞ்சிவப்பு நிறங்கள் வெயிலில்தான் தெளியும். நிழலில் வைத்தால் வெறும் பச்சையாகிவிடும். உயரமாகி அடி மொட்டையாகிவிட்டதா? நுனிக்கிளையில் ஒரு அங்குலப் பட்டையை வளையமாக உரித்து, ஈரத் தென்னை நார்க்கழிவை வைத்து, பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டுங்கள். ஆடி, ஆவணியில் கட்டினால் ஐந்தாறு வாரத்தில் வேர் தெரியும். வெட்டி நட்டால் புதுச்செடி, அடிக்கட்டையும் தழைக்கும். சாறு தோலில் பட்டால் அரிப்பு வரலாம், கையைக் கழுவிவிடுங்கள்.

*நித்தியகல்யாணி.* எதிரிலை, நடுநரம்பு வெளுப்பு, தட்டையான ஐந்து இதழ். மடகாஸ்கர் தீவிலிருந்து வந்தது. வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் இதிலிருந்து கிடைத்தவை. ஆனாலும் செடி நஞ்சுள்ளது. வீட்டு வைத்தியம் என்று இலையை மென்று தின்னக் கூடாது. வெயிலும் மணலும் பிடிக்கும். ஐப்பசி ஈரத்தில் தண்டு கறுத்துச் சாயும் முதல் செடியும் இதுதான். இதை ஆண்டுப்பயிராகவே வைத்துக்கொள்ளுங்கள். ஆவணியில் விதை எடுத்து, மழை விட்ட பிறகு தையில் விதைத்துவிடலாம்.

*கனகாம்பரம்.* மணமில்லாவிட்டாலும் தஞ்சாவூர்க் கதம்பத்தில் நிறம் சேர்க்கும் பூ. நாட்டு வகை விதையில் வரும். டெல்லி கனகாம்பரம் விதை பிடிக்காது, குச்சி நட்டுத்தான் பெருக்க வேண்டும். நூற்புழு தாக்கினால் செடி வெளிறிக் குட்டையாகும், வேரில் முடிச்சு தெரியும். நடும்போதே செடிக்கு ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு போடுங்கள். பக்கத்தில் துலுக்கச் சாமந்தி வைத்தால் நூற்புழு குறையும்.

*கல்வாழை.* இந்தப் பட்டியலில் பள்ளத்தை விரும்பும் ஒரே செடி. கிணற்றடி, துவைக்கிற கல்லின் அருகு, சமையலறைத் தண்ணீர் போகும் வாய்க்கால் ஆகிய இடங்களுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை. பூத்து முடிந்த தண்டை அடியோடு வெட்டுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை கிழங்கைத் தோண்டிப் பிரித்து நடுங்கள்.

மரங்களில் ஒரு பெயர்க் குழப்பம்

வீட்டு மதிலோரம் ஒல்லியாக, கோபுரம்போல வளரும் மரத்தை அசோக மரம் என்று விற்கிறார்கள். அது நெட்டிலிங்கம். அதன் இலை தனி இலை, ஓரம் அலை அலையாக இருக்கும், பூ பச்சை. உண்மையான அசோகம் வேறு. அதற்கு ஒரே காம்பில் பல சிற்றிலைகள் சோடி சோடியாக வரும். பூ ஆரஞ்சும் சிவப்புமாகக் கொத்துக் கொத்தாகக் கிளையை ஒட்டியே பூக்கும். வாங்கும்போது இலையைப் பாருங்கள்.

கொன்றைகளையும் பிரித்தறிய வேண்டும். சரக்கொன்றைக்கு மஞ்சள் சரம் தொங்கும், நீண்ட உருளைக் காய். மயில்கொன்றை புதராக நிற்கும், சிவப்பும் மஞ்சளும் கலந்த பூவிலிருந்து நீண்ட மகரந்த இழைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குல்மோகர் பெரிய குடைமரம்.

2018 நவம்பர் 16 விடியலில் வேதாரண்யம், நாகப்பட்டினம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் இந்த நாட்டுக்கு மரம் வைப்பதில் ஒரு பாடம் சொல்லிவிட்டுப் போனது. பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளே சாய்ந்தன. ஊறிய களியில் வேர்ப்பிடி தளர்ந்திருக்கும்போது காற்று அடித்தால் குடைவிரித்த மரம் முதலில் விழும். குல்மோகர், தூங்குமூஞ்சி போன்றவற்றை வீட்டை ஒட்டி நடாதீர்கள். மனைக்குள் வைக்க மகிழம், புன்னை, செண்பகம் நல்லவை. கடலோரத்துக்குப் புன்னையும் பூவரசும் ஏற்றவை. செண்பகத்துக்கு மட்டும் வடிகால் கட்டாயம் வேண்டும். எந்த மரமானாலும் புரட்டாசிக்குள் அடர்ந்த கிளைகளைக் கழித்து, காற்று புகுந்து போக வழி விடுங்கள்.

நடும் முறை

1. களிமண்ணில் ஆழக்குழி வேண்டாம். மூன்றடி அகலத்துக்கு ஒரு மண்வெட்டி ஆழம் மட்டும் கொத்திவிடுங்கள்.

2. கொத்திய மண்ணோடு மக்கிய தொழு உரம் இரண்டு கூடை, கருக்கிய உமி ஒரு கூடை கலந்து, தரைமட்டத்திலிருந்து ஒரு அடி உயரத்துக்கு மேடு கட்டுங்கள். வெளியிலிருந்து மண் சேர்க்க வேண்டியிருந்தால் படுகை மண்ணோ செம்மண்ணோ சேருங்கள். களியில் கொஞ்சம் மணலை மட்டும் கலந்தால் செங்கல்போல இறுகும். அரிசி ஆலையின் வெள்ளைச் சாம்பல் வேண்டாம், மண்ணை உவராக்கும். கருப்பாகக் கருகிய உமிதான் வேண்டும்.

3. பாக்கெட் செடியின் பையை முழுக்க எடுங்கள். செம்மண் உருண்டையின் ஓரத்தை விரலால் தளர்த்தி, சுருண்ட வேரைப் பிரித்துவிடுங்கள்.

4. மேட்டின் உச்சியில், பாக்கெட்டில் இருந்த அதே ஆழத்தில் நடுங்கள். ஒட்டு ரோஜாவானால் ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேலே இருக்கட்டும். முடிச்சுக்குக் கீழே வரும் துளிரை அவ்வப்போது கிள்ளுங்கள்.

5. மேட்டைச் சுற்றி ஆறு அங்குலக் கால் எடுத்து, தண்ணீர் தெருப்பக்கமோ கொல்லைப்பக்கமோ ஓட வழி செய்யுங்கள். வயலில் வரப்பு கட்டித் தண்ணீரைத் தேக்குகிற கைப்பழக்கம் நமக்கு உண்டு. இங்கே அந்த வரப்பை வெட்டிவிட வேண்டும்.

6. மேட்டின் மேல் இரண்டு அங்குலம் வைக்கோல் பரப்புங்கள், தண்டைத் தொடாமல். கோடையில் களி வெடித்து வேரை அறுப்பதை இது தடுக்கும்.

வல்லம், பட்டுக்கோட்டைப் பக்கத்துச் செம்மண்ணில் முறை தலைகீழ். அங்கே ஒன்றரை அடிக் குழி எடுத்து, தொழு உரத்தோடு மக்கிய தென்னை நார்க்கழிவு கலந்து, தரையைவிடச் சற்றுப் பள்ளமாகவே நடலாம்.

இலை சொல்லும் சேதி

மருந்துக் கடைக்குப் போகும் முன் எந்த இலை, எப்படி மாறியிருக்கிறது என்று பாருங்கள்.

அடி இலைகள் மட்டும் சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. செடிக்கு ஒரு கைப்பிடி கடலைப்புண்ணாக்கை ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள்.

நுனி இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. இட்லிப்பூவிலும் மல்லிகையிலும் இது அதிகம். மண்ணில் இரும்பு இருந்தாலும் உவர் மண்ணில் வேரால் எடுக்க முடியாது. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு, 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து மாலையில் இலையில் தெளியுங்கள். மாதம் ஒரு முறை, புது இலை பச்சையாகும்வரை செய்யலாம். மழைநீரைப் பிடித்து ஊற்றுவது இதைவிட நல்ல மருந்து.

மண் ஈரமாக இருந்தும் செடி முழுவதும் தொங்கினால் வேர் அழுகுகிறது. தண்ணீரை நிறுத்துங்கள். வடிகால் வெட்டுங்கள். லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து வேரைச் சுற்றி ஊற்றுங்கள். மழைக்கு முன்னதாகவே தொழு உரத்தில் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து வைத்திருந்தால் இந்த நிலை வருவது குறையும்.

இலை ஓரம் தீய்ந்து கருகினால் தண்ணீரில் உப்பு. கடலோர வீடுகளில் போர்த் தண்ணீரை ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள். மண்ணையும் வேளாண் துறையின் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, கார அமில நிலையும் உப்பின் அளவும் தெரிந்துகொள்வது நல்லது.

பூச்சிகள்: அடிப்பதற்கு முன் பாருங்கள்

செம்பருத்தியின் நுனியில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி. 2008இல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி தமிழ்நாடு முழுவதும் பரவிப் பப்பாளி, மரவள்ளி, மல்பெரியோடு வீட்டுச் செம்பருத்தியையும் அழித்தது. எந்த மருந்துக்கும் அது சரியாக அடங்கவில்லை. 2010இல் பியூர்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட அசெரோபேகஸ் பப்பாயே என்ற சிறு குளவிதான் அதைக் கட்டுப்படுத்தியது. கடுமையான பூச்சிக்கொல்லியை அடித்தால் இப்படி உதவிக்கு வரும் குளவிகளும் பொறிவண்டுகளும்தான் முதலில் சாகும்.

ஆகவே முதலில் தாக்கிய நுனியை வெட்டி அழியுங்கள். மீதியைக் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பாய்ச்சிக் கழுவுங்கள். பிறகும் இருந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயோடு சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்தபின் வாரம் ஒரு முறை தெளியுங்கள். மாவுப்பூச்சியை எறும்பு காவல் காக்கும். எறும்புப் புற்றைக் கவனிக்காமல் மாவுப்பூச்சி ஒழியாது.

நந்தியாவட்டையிலும் அரளியிலும் விரல் பருமனில் பச்சைப் புழு, தலைப்பக்கம் நீலக் கண் வரைந்ததுபோல இரண்டு புள்ளிகளோடு இருந்தால் பயப்பட வேண்டாம். அது அழகான ஒரு அந்துப்பூச்சியின் புழு. நாலைந்து இலை தின்னும், செடி சாகாது. கையால் எடுத்து அப்புறப்படுத்தினால் போதும்.

ஆண்டு முழுவதும்

மேட்டூர் அணையைச் சூன் 12இல் திறந்து சனவரி 28இல் மூடுவது பாசன வழக்கம். வயலுக்கு உள்ளது போலவே பூந்தோட்டத்துக்கும் இந்தக் கணக்கு உதவும். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் காலத்தில் நிலத்தடி ஈரம் ஏறும், அப்போது வடிகாலைக் கவனியுங்கள். வாய்க்கால் காயும் காலத்தில் மூடாக்கைக் கவனியுங்கள்.

ஆடி, ஆவணி: மேடு கட்டுதல், புதுச்செடி நடுதல், குச்சி ஊன்றுதல், பதியம் கட்டுதல். ஆடிக்காற்றுக்கு ஊன்றுகோல் கட்டாயம்.

புரட்டாசி: மரக்கிளை கழித்தல், கால் தூர்வாருதல், வேப்பம்புண்ணாக்கும் டிரைக்கோடெர்மாவும் இடுதல்.

ஐப்பசி, கார்த்திகை: கார்த்திகையில் கவாத்து செய்யும் குண்டுமல்லியைத் தவிர வேறெதற்கும் உரம் வேண்டாம், நடவும் வேண்டாம். தண்ணீர் நிற்கிறதா என்று தினமும் ஒரு நடை பாருங்கள். அடீனியம் போன்ற தொட்டிச் செடிகளைத் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள்.

மார்கழி, தை: டிசம்பர்ப் பூவும் சாமந்தியும் பூக்கும் காலம். செம்பருத்தி, இட்லிப்பூவை இலேசாகக் கவாத்து செய்து தொழு உரம் வைக்கலாம்.

மாசி முதல் வைகாசி வரை: வைக்கோல் மூடாக்கு, காலையில் மட்டும் தண்ணீர். தினமும் கொஞ்சம் ஊற்றுவதைவிட மூன்று நாளுக்கு ஒரு முறை நன்றாக நனைப்பதே வேரை ஆழமாக இறக்கும்.

வாய்க்காலுக்குள் போகக் கூடாதவை

ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அமெரிக்க நிலத்துச் செடிகள். ஊதாப் பூவின் அழகுக்காக நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டவை. இன்று நம் வாய்க்கால்களையும் வடிகால்களையும் அடைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் சம்பாப் பயிரை மூழ்கடிக்கக் காரணமாக இருப்பவை அவைதான். காட்டாமணக்கு வெட்டிப் போட்ட துண்டிலிருந்தே முளைக்கும். வேலிக்கு என்று வைத்த உண்ணிச்செடியும் இதேபோலக் காடாகப் பரவியது. ஒரு வீட்டுத் தொட்டியில் அழகாக இருந்த செடி ஒரு வட்டாரத்தின் வெள்ளாமைக்கே பகையாக மாறும் என்பதற்கு இவை சான்று.

தொட்டியில் வளர்க்கும் நீர்ச்செடி, கவாத்து செய்த கிளை, வேண்டாத கொடி எதையும் வாய்க்காலில் வீசாதீர்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்து மக்கு குழியில் போடுங்கள். பெயர் தெரியாத செடியை, பூ அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர் ஐந்து செடியோடு தொடங்கினால் போதும்: ஒரு இட்லிப்பூ, ஒரு நாட்டுச் செம்பருத்தி, ஒரு நந்தியாவட்டை, ஒரு குண்டுமல்லி, கிணற்றடியில் ஒரு கல்வாழை. ஒவ்வொன்றின் இலையையும் கையில் எடுத்து நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுங்கள். முதல் நான்குக்கும் ஆடிக்குள் மேடு கட்டிவிடுங்கள். வரும் ஐப்பசி மழை ஓய்ந்ததும் மேட்டின் ஓரத்தை ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். வேர் வெள்ளையாக இருந்தால் உங்கள் தோட்டம் பிழைத்துவிட்டது.